தணிகாசலத்தின் இடது காது

கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில் என்ன பெரிய கஷ்டம், தினமும் தூங்குகிறபோது செய்கிற காரியம்தானே என்று நினைத்துத்தான் மங்கையர்க்கரசி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தாள். முதல் சொட்டு விழுந்து இமைக்குள் எரிச்சல் பரவி அடங்கிய பிறகுதான் தெரிந்தது, தூக்கம் வேறு, விழித்துக்கொண்டே மூடியிருப்பது வேறு. இமைக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஏதோ ஊர்ந்தது. ட்யூப் லைட்டாக இருக்கும். இல்லாவிட்டால் உள்ளே எப்போதுமே இப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்து, நமக்குத்தான் இத்தனை நாள் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டதோ என்னவோ. "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விடுவேன்மா, நாலு தடவ. நடுவுல கண்ணத் தொறந்தீங்கன்னா கண்ணுப் பாப்பா விரியாது, டாக்டர் என்னயத்தான் திட்டுவாரு" என்று சொல்லியிருந்தாள் நர்ஸ். இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது, மணப்பாறைப் பக்கத்துக் குரல். குரலை வைத்து ஊரைச் சொல்வதில் மங்கையர்க்கரசி இதுவரை தோற்றதில்லை. திருச்சி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்தவள். மணி என்ன இருக்கும்? பத்தரை இருக்குமா? பதினோரு மணிக்குப் பிலோமினா ஓசூரிலிருந்து கூப்பிடுவாள், இன்றைக்குப் பத்தாம் தேதி. மடியில் பை, பைக்குள் போன், போனுக்குப் பக்கத்தில் ஐந்நூற்றுப் பதினோராவது தணிகாசலம் புத்தகம். ஐந்நூற்றுப் பதினொன்று! ஒரு மனுஷன் இத்தனை கொலையைப் பார்த்த பிறகும் மாசம் தவறாமல் அடுத்த கொலைக்குக் கிளம்புகிறான் என்றால் ஒன்று அவன் கல்நெஞ்சக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எப்போதோ செத்துப்போயிருக்க வேண்டும். செத்துத்தான் போனான் என்று நேற்று சாயங்காலம் அறுபத்தேழாம் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதைப் பிலோமினாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் இப்போது கவலை, கண்ணெல்லாம் அதற்கப்புறம்தான்.

"நம்ம ஆளு" என்றுதான் பிலோமினா அவனைச் சொல்வாள். எண்பத்து மூன்றில் முதல் புத்தகம் வந்தபோது இரண்டு பேருக்கும் இருபத்து மூன்று வயசு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. துப்பறியும் தணிகாசலத்துக்கு இடது காது கேட்காது. சின்ன வயசில் அவன் அப்பா விட்ட ஒரு அறையில் போன காது. அதனால் யாராக இருந்தாலும் வலது பக்கம் உட்காரவைத்துத்தான் பேசுவான். உதவியாளன் இம்மானுவேல், வழி சகதியே ஆனாலும் வலது பக்கம்தான் நடப்பான். ஒருவன் பொய் சொல்கிறான் என்று தோன்றினால் மட்டும் அவனை இடது பக்கம் உட்காரவைத்து, ஒரு வார்த்தையும் காதில் விழாமல், வாயையும் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். நாள் முழுக்க ஒற்றைக் காதில் ஊராரின் கல்யாணத்தையும் சாவையும் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு அந்த ஒற்றைக் காதுக்காரனைப் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம். மங்கைக்கு ஹெட்செட் இடது காதில், பிலோவுக்கு வலது காதில். இப்போது மங்கைக்கும் இடது காது மந்தம்தான், பதினெட்டு வருஷம் அதில் கத்தினால் வேறென்ன ஆகும். மாசம் பிறந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு மாசம் இவள் வாங்குவாள், ஒரு மாசம் அவள் வாங்குவாள். வாங்கியவள் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கிழித்து மற்றவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். இரண்டு பேரும் மிச்சத்தைப் படித்துவிட்டு, பத்தாம் தேதி பதினோரு மணி டீ நேரத்தில், ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே மூச்சில் கொலைகாரன் பேரைச் சொல்ல வேண்டும். ஏன் என்று காரணமும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அந்தப் பதினாறு பக்கம். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு, பிலோவின் கன்னத்துப் பவுடர் இவள் கன்னத்தில் ஒட்டும், வரி முடிந்தால் அவள் கட்டைவிரல் தாளைத் தட்டும், திருப்பு என்று அர்த்தம். மங்கை வேண்டுமென்றே மெதுவாகப் படிப்பாள். அந்தக் கட்டைவிரல் இன்னொரு தடவை தட்டட்டும் என்று. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அறுபத்தேழாம் பக்கம். 'அந்த அழகி அவன் இடது காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். தணிகாசலத்தின் முகம் இருண்டது.' அவ்வளவுதான். மங்கைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அடேயப்பா, ஏதோ வேலை வைத்திருக்கிறார் எழுத்தாளர் சேதுப்பிரியன், கேட்காத காதில் சொன்னதைக் கேட்ட மாதிரி நடிக்கிறான் நம்ம ஆள் என்று. எழுபது, எண்பது, நூறு என்று தேடிக்கொண்டே போனாள். ஒன்றுமில்லை. அந்த அழகி சொன்ன அட்ரஸுக்கு அவன் காரை எடுத்துக்கொண்டு போய் இறங்கியே விட்டான். நடுவில் காது ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கொண்டானா, நாம்தான் ஒரு மாசத்தைத் தவறவிட்டுவிட்டோமா? இல்லை, ஒன்றைக்கூட விட்டதில்லை, பிரசவத்துக்குப் படுத்திருந்த மாசம்கூட விட்டதில்லை. எழுதினவனுக்கு அந்தக் காது ஞாபகத்தில் இல்லை. அப்படியென்றால் எழுதினவன் அவர் இல்லை. சேதுப்பிரியனுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்க வேண்டும், இருந்தால். மகன் எழுதுகிறானோ, யாராவது ஆள் வைத்து எழுதுகிறார்களோ, அட்டையில் மட்டும் அதே போட்டோ, அதே கறுப்புக் கண்ணாடி. முன்பெல்லாம் செத்தவனுக்கு ஒரு வீடு இருந்தது. நாற்பத்தோராவது புத்தகத்தில் ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன், கால்வாயில் மிதந்தான், சட்டைப் பையில் ஒரு சாண் நூல். போலீஸ்காரர்கள் கழுத்தை நெரித்த நூல் என்று அலைந்தார்கள். தணிகாசலம்தான் கண்டுபிடித்தான், மகளுக்குச் செருப்பு வாங்க அவள் காலை அளந்து வெட்டிய நூல். கொலைகாரனைப் பிடித்த பிறகு, எல்லோரும் போன பிறகு, அந்த நூலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அந்த அளவில் ஒரு ஜோடி வாங்கி, குமாஸ்தா வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டான். அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் போர்டில் விளக்குகள் எரிந்து எரிந்து கூப்பிட, இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சூப்பர்வைசர் வந்து ஏதோ அவர்கள் வீட்டில்தான் இழவு விழுந்துவிட்டது என்று லீவு கொடுக்கப் பார்த்தார். இப்போது சாகிறவர்களுக்குப் பையே இல்லை. பதினைந்தாவது மாடியிலிருந்து விழுகிறார்கள், தொழிலதிபர்களாக இருக்கிறார்கள். யார் கொன்றது என்பதை ஒரு ஹேக்கர் கம்ப்யூட்டரைத் தட்டிச் சொல்லிவிடுகிறான். தணிகாசலம் சும்மா கூலிங் கிளாஸைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். அவனைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். பஸ் ஸ்டாண்டில் தெரிந்த ஆளை நெடுநாள் கழித்துப் பார்த்து, ஆசையாகக் கிட்டே போனால், அவன் நீங்க யாரு என்று கேட்பது மாதிரி இருந்தது.

"அம்மா, அண்ணாந்து பாருங்க." குளிர்ந்த விரல் இமையை இழுத்தது. சொட்டு. எரிச்சல். பஞ்சு. "இது ரெண்டாவதாம்மா?" "மூணாவது. ரெண்டாவதுக்கு நீங்க வாய்க்குள்ள ஏதோ பேசிக்கிட்டு இருந்தீங்க." பேசினேனா, என்ன பேசினேன், சத்தமாகவா? பக்கத்து நாற்காலியில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கட்டும். "மணி என்னம்மா?" "பத்து அம்பது." இன்னும் பத்து நிமிஷம். சொல்லலாம். பிலோ, இடது காதைப் பார்த்தியா என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அங்கேதான் முள் மாட்டியிருந்தது. போன மாசம் இம்மானுவேலுக்கு மீசை வந்துவிட்டது, ஐந்நூறு புத்தகமாக மீசையே இல்லாதவன், பிலோ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்கு முந்தின மாசம் தணிகாசலத்தின் அக்கா உயிரோடு வந்து காபி போட்டாள், அவள் நூற்றிரண்டாவது புத்தகத்தில் செத்து, பிலோ அதற்காக ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தவள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லாருந்துச்சுடி என்கிறாள். எப்போதும் நல்லாருந்துச்சுடி. ஒண்ணு ரெண்டு மூணு சொல்வது நின்றுபோய்விட்டது, நீ சொல்லு மொதல்ல என்கிறாள், இவள் சொன்னால் நானும் அவன்தான்னு நெனச்சேன் என்கிறாள். ஓசூருக்குப் போன பிறகு ஆளுக்கொரு புத்தகம்தான், முன்பெல்லாம் போனை வைத்துவிட்டு, படிக்காமல் க்ளிப் போட்டு வைத்த அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்துவிட்டு, பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டுச் சண்டை போடுவாள். அந்த இரண்டாவது போன் வந்து எத்தனை நாள் ஆயிற்று. பேத்தி ஏதாவது கேட்டிருப்பாள், அடுப்பில் ஏதாவது இருக்கும், காரணமா இல்லை.

ஒருவேளை அவளுக்கு இப்போதும் பிடிக்கிறதோ? பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும், நாம் எதற்கு அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட வேண்டும். ஆனால் இப்படியே எத்தனை மாசம் நடிப்பது. படிக்கப் படிக்க வாய் கசக்கிறது. நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் என்ன சொல்வாள்? அப்படியா, சரிடி, கண்ணைப் பாத்துக்க என்பாள். வைத்துவிடுவாள். அடுத்த பத்தாம் தேதி பதினோரு மணி வரும், போன் சும்மா கிடக்கும். அவர்கள் வேறு எதையும் பேசியதே கிடையாது என்பது மங்கைக்கு இந்த நாற்காலியில்தான் உறைத்தது. நாற்பத்திரண்டு வருஷம். பிலோவின் மருமகள் எப்படிப்பட்டவள் என்று தெரியாது. தன் வீட்டுக்காரர் போனபோது பிலோ வந்து மூன்று நாள் இருந்தாள், அப்போதும் ராத்திரி முழுக்கப் பேசியது முந்நூற்றுத் தொண்ணூறாவது புத்தகத்தை. அவர் நல்ல மனுஷர்தான், கை நீட்டியதில்லை, குறை வைத்ததில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ என்ன நினைக்கிறே என்று கேட்டவரில்லை. நிலம் வாங்கியபோது கேட்கவில்லை, பையனுக்குப் பெண் பார்த்தபோது கேட்கவில்லை, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டதுதான் அதிகபட்சம். பையனும் கேட்பதில்லை, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது என்று அன்பாகத்தான் சொல்கிறான். உலகத்தில் ஒரே ஒருத்தி, மாசத்தில் ஒரே ஒரு நாள், யாருன்னு நினைக்கிற மங்கை, ஏன் அப்படி நினைக்கிற என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருக்கிறாள். அந்தக் கேள்விக்காக இன்னும் ஐந்நூறு குப்பையைப் படிக்கலாம். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, எதைப் பார்ப்பதற்கு. சேச்சே, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இதென்ன பேச்சு. நரம்பு பழுதாகியிருந்தால் திரும்பி வராது என்று போன தடவை டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு, பயப்படாதீங்க என்றும் சொன்னார், பயப்படாதீங்க என்று சொல்கிறபோதுதான் பயம் வருகிறது. படிக்க முடியாமல் போனால் நல்லதுதான். டாக்டர் படிக்கக் கூடாதுன்னுட்டார் பிலோ, என்ன செய்யறது என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை, அவள் மனசும் நோகாது. ஆனால் அப்புறம்? அப்புறமும் அதே கண்ணைப் பாத்துக்கதான். எந்தப் பக்கம் போனாலும் அதே வாசலில் வந்து முட்டியது. அவள் குரல் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று அறுபத்தைந்து வயசில் தெரியவில்லை.

மடியில் பை அதிர்ந்தது. கண்ணை மூடியபடியே துழாவி எடுத்து, கடைசி வரிசைப் பட்டனாக இருக்கும் என்று எதையோ அழுத்தி, வலது காதில் வைத்தாள்.

"மங்கை? எங்கடி இருக்க, ஒரே சத்தமா இருக்கு?"

"கண்ணாஸ்பத்திரில. சொட்டு விட்டு உக்கார வெச்சிருக்காங்க. கண்ணத் தொறக்கக் கூடாதாம்."

"காதத் தொறந்து வெச்சிருக்கல்ல, போதும். படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்பிடி இருக்கு?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி பிடித்துத் தள்ளினாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் மங்கையர்க்கரசி. சொல்லிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நல்லாருக்குல்ல? நானும் அதான் சொல்ல வந்தேன். சரி, யாரு?"

"பழைய மாதிரி ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிச் சொல்லுவோமா?"

ஓசூரில் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்டி, பொங்கிரும். சட்டுனு நீயே சொல்லு."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, யோசித்து வைத்ததும் இல்லை, வாயில் வந்துவிட்டது. "சிகாமணி."

"சிகாமணியா! அடிப்பாவி, நானும் அவன்தான்னு நெனச்சேன். ஆரம்பத்துலேருந்தே அவன் முழியே சரியில்ல."

பக்கத்தில் யாருடைய டோக்கனையோ கூப்பிட்டார்கள். செருப்புகள் தேய்ந்துகொண்டு போயின. சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று மங்கைக்குப் பிடிபடவில்லை. இப்போது சும்மா இருந்துவிடலாம். ஆமாம்டி, முழியே சரியில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த மாசமும் போன் வரும். "பிலோ" என்றாள். "இந்தப் புத்தகத்துல சிகாமணின்னு யாருமே இல்ல."

லைனில் வருகிற மௌனம் மூன்று வகை. லைன் செத்த மௌனம், ஆள் போய்விட்ட மௌனம், ஆள் இருந்தும் பேசாத மௌனம். இது மூன்றாவது, மூச்சு கேட்டது. ஆனாலும் பயமாக இருந்தது. கெடுத்துவிட்டேன், நானே என் கையால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தாள்.

"எப்பலேருந்து படிக்கறதில்ல?" என்று கேட்டாள் மங்கை.

"நாலு வருசம் ஆச்சு. அந்த ஹேக்கர் பய மொதமொதல்ல வந்தானே, அந்தப் புத்தகத்த பாதில வெச்சவதான். நம்ம ஆள அப்பிடிப் பாக்க முடியலடி. அப்பறம் வாங்கவே இல்ல."

"அப்ப நாலு வருசமா இந்தக் குப்பைய நான் ஒருத்தி மட்டுமா படிச்சேன்? ஒன்னாலதான்டி படிச்சேன். நீ பத்தாந்தேதி கேப்பியேன்னு படிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா! தெரிஞ்சும் வாயத் தொறக்கல?"

"சொன்னா நீயும் விட்டுருவ. அப்பறம் பத்தாந்தேதி என்னத்தச் சொல்லிக் கூப்புடறது? சும்மா கூப்புட்டா என்ன விசயம்னு கேப்ப. எனக்கு விசயம் ஒண்ணும் இல்லடி மங்கை. இந்த வீட்டுல நாள் பூரா டிவிதான் பேசுது. நீ அவன் கொன்னான், இதுக்காகக் கொன்னான், அவன் பொண்டாட்டி இப்பிடி நெனச்சிருப்பான்னு சொல்லுவ பாரு, அது எனக்கு ஒரு மாசத்துக்குத் தாங்கும். அந்தாளு எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன. நீ பேசணும், நான் கேக்கணும். அதான் விசயம்."

மங்கையர்க்கரசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூடிய இமையின் ஓரமாகச் சூடாக ஏதோ இறங்கிக் காதுப் பக்கம் போயிற்று, ஒன்றின் பின்னால் ஒன்றாக. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"ஐயய்யோ, என்னம்மா இது, அழுவுறீங்களா?" நர்ஸ் ஓடிவந்தாள். "விட்ட மருந்தெல்லாம் போச்சு. துடைக்காதீங்கம்மா! இனிமே மறுபடி மொதல்லேருந்துதான், இன்னும் நாப்பது நிமிசம் ஆகும்."

"யாரு அது?" என்றது போன். "நாப்பது நிமிசமா?"

"ஆமா. கண்ண மூடிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணுமாம்."

"நல்லதாப் போச்சு. இரு, அடுப்ப அணைச்சிட்டு வரேன்." காலடிச் சத்தம் போய்த் திரும்பி வந்தது, நாற்காலி இழுபட்டது. "ம், உக்காந்துட்டேன். இப்ப சொல்லு. யாருடி இந்தச் சிகாமணி? யாரக் கொன்னான்?"

"தெரியாது பிலோ. இனிமேதான் யோசிக்கணும்."

"யோசி. நான் லைன்லதான் இருக்கேன்."

சொட்டு விழுந்தது, ஒரு கண்ணில், பிறகு இன்னொரு கண்ணில். மங்கையர்க்கரசி இமைகளை இறுக்கிக்கொண்டு யோசித்தாள். மறுமுனையில் பிலோமினாவும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். "அவனுக்குச் சொந்த ஊரு துறையூர்" என்று மங்கை ஆரம்பித்தாள்.